புத்தகம் பார்த்துக் கம்பு சுற்றலாமா?

ஞாயிறு காலைகளில் நம் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோரில் மாதம் ஒருவராவது கேட்பது இது: "ஐயா, இதுக்குப் புத்தகம் ஏதாவது இருக்கா? வாரத்துக்கு ஒரு நாள்தானே வர்றான். மத்த நாள்ல வீட்டுலயே பார்த்துப் பழகட்டுமே." அவர் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் பெரியவர் யாராவது, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று சிரித்துவிடுவார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நின்றபடியே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல என்பதால் இங்கே எழுத எடுத்துக்கொண்டேன்.

உடம்பால் செய்யும் வித்தையை எழுத்தால் கற்க முடியுமா? முடியும் என்றால் எதுவரை? எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும்? இதற்கான சான்றுகளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்த இந்தக் கன்னட நாட்டிலும், குறிப்பாகப் பெங்களூரிலும், இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

கல்யாணத்து அரசன் எழுதிய மல்லர் பாடம்

வட கர்நாடகத்தில் பீதர் மாவட்டத்திலுள்ள பசவகல்யாண் ஒரு காலத்தில் மேலைச் சாளுக்கியரின் தலைநகர். அங்கிருந்து ஆண்ட மூன்றாம் சோமேசுவரன் 1130-ஆம் ஆண்டை ஒட்டி வடமொழியில் 'மானசோல்லாசம்' என்றொரு நூல் செய்தான். நூறு அத்தியாயங்கள். சமையல், யானை, குதிரை, ஓவியம், இசை என்று ஓர் அரசனுக்குத் தெரிய வேண்டிய எல்லாம் அதில் உண்டு. அவற்றுள் ஒன்று மல்யுத்தம்.

மல்லர்களை வயது, உடற்கட்டு, பலம் ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரிப்பது எப்படி, அவர்களுக்குப் பருப்பும் இறைச்சியும் பாலும் இனிப்பும் அரண்மனையிலிருந்து கொடுப்பது எப்படி, என்னென்ன பயிற்சிகளைச் செய்யவைப்பது என்றெல்லாம் அந்தப் பகுதி சொல்கிறது. பளு தூக்குதல், நடை, நீச்சல், தூணைக் கட்டிப் பிடித்து ஏறி இறங்குதல் ஆகியவை அந்தப் பயிற்சிகளில் சில. இன்று மகாராஷ்டிரத்திலும் நம் விழுப்புரம் பக்கமும் பிள்ளைகள் ஆடும் மல்லர் கம்பத்தின் முன்னோடி இந்தத் தூண் பயிற்சிதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிடிகளின் பெயர்களை அரசன் அடுக்கிச் சொல்கிறான். ஒவ்வொரு பிடியையும் எப்படிப் போடுவது என்று சொல்லவில்லை. எந்தக் கை, எந்தக் கால், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற விளக்கம் கிடையாது. அதை எழுத அவனுக்குத் தெரியாமல் இல்லை, தேவைப்படவில்லை. பிடி தெரிந்தவன் பெயரைக் கேட்டால் போதும், உடம்புக்கு ஞாபகம் வந்துவிடும். பிடி தெரியாதவன் மண் குழிக்குத்தான் போக வேண்டும், ஏட்டுக்கு அல்ல. பழைய வித்தை நூல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அவை கற்பிக்கும் நூல்கள் அல்ல, நினைவூட்டும் நூல்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

நம் புறநானூற்றிலும் ஒரு மல்யுத்தம் உண்டு. 80-ஆம் பாட்டில் ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்துவதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பில் அழுந்துவதும், மற்றொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்னால் மடங்குவதும் அதில் கண்ணுக்குத் தெரிகிறது. மானசோல்லாசத்தைவிட அந்தச் சில வரிகளில் பிடி தெளிவு என்பேன். ஆனாலும் அது பாட்டு, பாடம் அல்ல.

மல்லர்களே வைத்துக்கொண்ட நூல் ஒன்றும் உண்டு. 'மல்ல புராணம்' என்று பெயர். குஜராத்தின் மோடேராவைச் சேர்ந்த ஜேட்டிமல்லர்களுடையது. 1964-இல் பரோடாவில் பதிப்பித்திருக்கிறார்கள். எந்தப் பருவத்தில் எதை உண்பது, கோதா மண்ணை எப்படித் தயாரிப்பது என்பதெல்லாம் அதில் வருகிறது. இந்த ஜேட்டிகளின் வழிவந்தோரே மைசூர்ப் பக்கத்து 'ஜட்டி'கள் என்பர். தசரா விழாவில் அரண்மனை முற்றத்தில் நடக்கும் வஜ்ரமுஷ்டிச் சண்டையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். மைசூர், பெங்களூர், சன்னபட்டணம், சாமராஜநகர் ஆகிய ஊர் ஜட்டிகள் கையில் கூரிய முஷ்டியை அணிந்து மோதுவார்கள். யாருக்காவது முதல் இரத்தம் கசிந்ததும் சண்டை முடிந்துவிடும். அதைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் களத்தில் இறங்கியவர் எவரும் இருக்க முடியாது.

பேட்டைக் கரடிகள்

பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் 'கரடி மனை' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். புதிதாக வந்த நம்மவர் விலங்கு என்று நினைத்துக்கொள்வது உண்டு. கன்னடத்தில் கரடி என்றால் உடற்பயிற்சிக் கூடம், நம் ஊர்க் கோதாவைப் போல. உள்ளே சிவந்த மண், மூலையில் அனுமார், சுவரோரம் கர்லாக்கட்டைகள். தண்டாலும் பஸ்கியும் அங்கே சர்வ சாதாரணம். நம் பிள்ளைகள் 'புஷ்-அப்', 'ஸ்குவாட்' என்று பணம் கட்டிச் செய்வது இவற்றின் தம்பிமாரைத்தான்.

சித்திரைப் பௌர்ணமியில் நடக்கும் பெங்களூர்க் கரகத்துக்கும் இந்தக் கரடிகளுக்கும் உறவு உண்டு. திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போது கூடவே உருவிய வாளுடன் வரும் வீரகுமாரர்கள் திகளர் சமூகத்தார். தமிழ் வழித் தொடர்பு உள்ளவர்கள் என்று சொல்லப்படும் சமூகம் அது. வாள் பிடிக்கும் முறையும் விரதமும் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகின்றன. கையேடு ஏதும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. ஒரே பேட்டையில், ஒரே தொழில் செய்து, அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒயிட்ஃபீல்டில் ஒரு மாடியில் நாமும், ஓசூரில் அண்ணனும், சிங்கப்பூரில் தம்பியும் இருக்கும் காலத்தில் நிலைமை வேறு.

அச்சுக்கு வந்த உடம்பு

இங்கேதான் நம் ஊரின் பங்கு பெரிதாகிறது. 1896-ஆம் ஆண்டிலேயே எஸ். பரத்வாஜ் என்பவர் எழுதிய 'வியாயாம தீபிகை' என்ற நூல் பெங்களூர் காக்ஸ்டன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. நம் நாட்டு முறை உடற்பயிற்சிகளின் அடிப்படைகளைச் சொல்லும் நூல். மேல்நாட்டில் யூஜின் சாண்டோ என்னும் பயில்வானின் புகழ்பெற்ற புத்தகம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதை இங்கே சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு பெருமை.

அடுத்த தலைமுறையில் இரண்டு பெயர்கள் முக்கியம். ஒருவர் கே.வி. அய்யர் (1897 - 1980). பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்தியவர். 1930-இல் 'மஸில் கல்ட்', 1936-இல் 'பெர்ஃபெக்ட் ஃபிசிக்', 1937-இல் சூரிய நமஸ்காரம் பற்றி ஒரு நூல் என்று வரிசையாக எழுதினார். தம் உடம்பையே படமெடுத்துப் போட்டார். கன்னட இலக்கியம் அறிந்தவர்களுக்கு இவரை 'ரூபதர்சி', 'சாந்தலா' நாவல்களின் ஆசிரியராகத் தெரியும். பயில்வான் நாவலும் எழுதுவார் என்றால் நம் பக்கத்தில் நம்பமாட்டார்கள்!

அய்யர் செய்த இன்னொரு காரியம் அஞ்சல் வழிப் பயிற்சி. புத்தகத்துக்கும் ஆசிரியருக்கும் நடுவில் உள்ள வழி இது. புத்தகத்திடம் சந்தேகம் கேட்க முடியாது. அஞ்சலில் கேட்கலாம், பதில் வர நாளாகும், அவ்வளவுதான். இன்று கைப்பேசியில் நடக்கும் வகுப்புகளுக்கு இதுதான் பாட்டனார்.

மற்றவர் நம்மவர். மதுரையில் பிறந்த யோகாச்சாரியா சுந்தரம். பெங்களூரில் கே.வி. அய்யரோடு சேர்ந்து பழகியவர். ஆசனங்களை அச்சும் படமுமாகச் சாதாரண வாசகரின் வீட்டுக்கே கொண்டுபோன முதல் சில நூல்களில் ஒன்று அவருடையது. 'யோகிக் ஃபிசிகல் கல்சர்' என்ற பெயரில் 1920-களின் இறுதியில் பெங்களூரிலிருந்து வெளிவந்தது. வீட்டில் ஒரு விரிப்பைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்துவைத்து ஆசனம் செய்யும் வழக்கம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறதே, அதன் தொடக்கக் காலத்தில் இந்த ஊரில் ஒரு தமிழர் நின்றிருக்கிறார். பின்னாளில் அவர் கோயம்புத்தூரில் குடியேறினார்.

1934-இல் மைசூரில் இருந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் கன்னடத்தில் 'யோக மகரந்தம்' எழுதினார். அது தமிழிலும் வந்தது. அவரிடம் சிறுவனாகப் பயின்ற, கோலார் மாவட்டம் பெள்ளூரில் பிறந்த பி.கே.எஸ். அய்யங்கார், 1966-இல் 'லைட் ஆன் யோகா' வெளியிட்டார். ஏறத்தாழ 600 படங்கள். அந்த நூலின் வெற்றிக்குக் காரணம் படங்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல என்பது என் கருத்து. ஓர் ஆசனத்துக்குள் போவது எப்படி, எத்தனை நேரம் நிற்பது, வெளியே வருவது எப்படி என்று படிப்படியாக எழுதினார். எட்டு நூற்றாண்டுக்கு முன் சோமேசுவரன் பெயரோடு விட்ட இடத்தை அய்யங்கார் நிரப்பினார்.

ஆசனம் புத்தகத்துக்கு வசப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆசனம் நிற்கும், கம்பு நிற்காது. அசையாத உடம்பைப் படம் பிடிக்கலாம். மூங்கில் காற்றைக் கிழித்துப் போகும் வேகத்தை எந்தப் படம் பிடிக்கும்? இந்தச் சிக்கலைப் பல நாட்டாரும் சந்தித்தார்கள். கொரியாவில் 1790-இல் அரசாணையில் செய்த 'முயே தோபோ தோங்ஜி' என்ற படைக்கல நூலில் 24 வித்தைகளை ஒவ்வொரு நிலையாக வரைந்ததோடு, ஆட்டம் முழுவதும் எந்த வரிசையில் போகிறது என்று தனியாக ஒரு தொகுப்புப் படமும் போட்டார்கள். ஜப்பானில் ஃபுனாகோஷி 1922-இல் கராத்தேக்கு முதல் நூல் எழுதியபோது கோட்டோவியங்களைப் போட்டார்; 1923 நிலநடுக்கத்தில் அச்சுத் தகடுகள் அழிந்துபோக, 1925 பதிப்பில் புகைப்படங்கள் வந்தன. கோட்டோவியமே தெளிவு என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கும் அதுவே கட்சி. புகைப்படத்தில் சட்டையும் நிழலும் கண்ணை இழுக்கும். கோட்டில் முட்டி மடிந்த கோணம் மட்டுமே இருக்கும்.

நம் ஏடுகளும் நம் அச்சு நூல்களும்

தமிழில் என்ன இருக்கிறது? முதலில் வர்ம ஏடுகள். கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்கள் வைத்திருந்த ஓலைச்சுவடிகள் பல. வர்ம சூத்திரம், வர்ம பீரங்கி, ஒடிவு முறிவு சாரி சூத்திரம் என்பன சில. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது பொதுக் கணக்கு. எல்லாம் செய்யுள். மனப்பாடம் செய்வதற்காகவே அப்படி. சென்னை ஆசியவியல் நிறுவனம் 1994-இல் வர்ம சூத்திரச் சுவடி ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிட்டது. கேரளத்துக் களரியில் 'வாய்த்தாரி' என்று ஒன்று உண்டு. குருக்கள் வாயால் சொல்லச் சொல்ல மாணவன் ஆடுவான். செய்யுளோ வாய்த்தாரியோ, இரண்டும் காதால் படிக்கும் புத்தகங்கள்.

இந்த வர்ம ஏடுகள் மேலே சொன்ன நினைவூட்டும் வகையைச் சேர்ந்தவை. அதோடு, வேண்டுமென்றே முழுவதையும் சொல்லாமல் விடுபவை. இடத்தைச் சொல்லும், அழுத்தத்தைச் சொல்லாது. அது ஆசான் பல ஆண்டுகள் மாணவனின் குணத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் காட்டுவது. 'எளிய முறையில் வர்மக்கலை' என்கிற மாதிரி தலைப்போடு மெல்லிய புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்குகின்றன. அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் 14 வயதுப் பையன் ஒருவன் அப்படி ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தம்பியின் கழுத்தில் இரு பக்கமும் விரலால் அழுத்தினான். சின்னவன் பேச்சில்லாமல் சரிந்துவிட்டான். சில நொடிகளில் எழுந்துகொண்டான் என்றாலும், அந்த அம்மா ஓடிவந்து என் கதவைத் தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. அங்கே அழுத்துவது வித்தை அல்ல, விபத்து.

சிலம்பத்துக்கு வருவோம். 1970-களில் காரைக்குடியிலிருந்து ஜே. டேவிட் மானுவல் ராஜ் சிலம்பத்தின் நுட்பங்கள் பற்றியும் வரலாறு பற்றியும் ஆங்கிலத்தில் எழுதினார். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்திலும் சிலம்பத்தின் வரலாற்றையே ஆராய்ந்தார். உடற்கல்வி படித்த ஒருவர் அளந்து எழுதியதில் ஒரு தனிப் பயன் உண்டு. விளையாட்டுத் துறையையே தமிழில் எழுதித் தீர்த்தவர் டாக்டர் எஸ். நவராஜ் செல்லையா. 'விளையாட்டுக்களின் விதிகள்', விளையாட்டுத்துறைக் கலைச்சொல் அகராதி என்று நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். அவை நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாகவே படிக்கலாம். கிட்டிப்புள், சடுகுடு, பல்லாங்குழி போன்றவற்றுக்குத் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' இருக்கிறது. ஊருக்கு ஊர் ஆட்ட முறை எப்படி மாறுகிறது என்று அவர் குறித்து வைத்திருப்பது மிகச் சுவையானது. தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். "எங்க ஊர்ல இப்படி இல்ல" என்று ஆரம்பிப்பார்கள்; அதுவே ஒரு பாடம்.

சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போட்டி என்று வந்தால் விதி எழுத வேண்டும். எழுதினால் பெயர்கள் நிலைக்கும். துளுக்காணம், மறக்காணம், குறவஞ்சி, நாகம் பதினாறு என்று ஊருக்கொரு முறை இருந்ததில் எது எழுத்தில் ஏறுமோ அதுதான் பிழைக்கும் என்பது என் கவலை. திருப்பத்தூர்ப் பக்கம் எனக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எழுதி வச்சா கை மறந்துடும்டா" என்பார். அவர் போனதோடு அவருடைய பதினெட்டு அடியில் எனக்கு வந்த பதினொன்றுதான் மிச்சம். மற்ற ஏழும் யார் கையில் இருக்கின்றன என்று தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாளால் முடியாதது

1927-இல் அமெரிக்க உளவியலார் தார்ன்டைக் ஒரு சோதனை செய்தார். கண்ணைக் கட்டிவிட்டு, குறிப்பிட்ட நீளத்தில் கோடு போடச் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் விட்டபோது, எத்தனை நூறு கோடு போட்டாலும் முன்னேற்றம் இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் 'சரி', 'தவறு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னபோது கை திருந்தியது. நம் கேள்விக்கான விடையில் பாதி இங்கே இருக்கிறது. புத்தகம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். நாம் செய்தது சரியா என்று சொல்லாது. திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடும் என்று நினைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கோடு போடுவதுதான். அதைவிட மோசம், தவறு பழகிப்போகும். அதைக் கழற்றுவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். காணொளி பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் மணிக்கட்டைச் சுழற்றாமல் முழங்கையைச் சுழற்றும் பழக்கத்தை விடுவிக்க எனக்கு மூன்று மாதம் ஆகிறது.

மறு பாதி விடை இது. ஒரு வித்தை உடம்பில் ஏறுவது மூன்று கட்டமாக என்று ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இருவர் 1967-இல் விளக்கினார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும் என்று புத்திக்குப் புரிய வேண்டும். பிறகு தப்பும் தவறுமாகச் செய்து திருத்திக்கொள்வது. கடைசியில் நினைக்காமலே வருவது. முதல் கட்டத்தில் நல்ல புத்தகம் ஆசிரியருக்குச் சமம். சில சமயம் ஒரு படி மேல். ஆசிரியர் 'இப்படி' என்று சொல்லி ஒரு நொடியில் செய்துவிடுவார். புத்தகம் காத்திருக்கும். காணொளியும் அதன் வேகத்துக்கே ஓடும். ஒரு பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அது அலுத்துக்கொள்ளாது.

வீட்டில் செய்ய வேண்டிய முறை

இனி நடைமுறை. புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் செய்ய வேண்டும். இங்கே நம் வீடுகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறது, கன்னடத்தில் விளையாடுகிறது, தமிழ் காதுக்கு மட்டும் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அம்மாவோ தாத்தாவோ வாய்விட்டு வாசித்தால், களரி வாய்த்தாரி நம் வீட்டுக்கூடத்துக்கு வந்துவிடுகிறது. "இடது குதிகாலைத் தூக்கு. இடுப்பைத் திருப்பு. மணிக்கட்டு மேலே." பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு 'கணுக்கால்' என்ற சொல் இப்படித்தான் வந்தது. அதுவரை அவளுக்கு 'ஆங்கிள்' மட்டுமே தெரியும். இப்போது கன்னடத் தோழிக்கும் அவளே கணுக்கால் சொல்லிக்கொடுக்கிறாள்.

முதல் இரண்டு வாரம் கையில் கம்பு வேண்டாம். மொட்டைமாடியில் சாக்பீஸால் ஒரு சதுரம் போடுங்கள். பக்கத்தின் நீளம், பிள்ளை இயல்பாக எடுத்துவைக்கும் ஓர் அடி. நான்கு மூலைக்கும் 1, 2, 3, 4 என்று எண். புத்தகத்தில் உள்ள கால்மானத்தை இந்த எண்களாக மாற்றிக்கொள்ளுங்கள்: "வலது 2-க்கு, இடது 3-க்கு, திரும்பு." கால் வந்த பிறகுதான் கை. சிலம்பத்தில் அடி விழுவது கையால் என்று பார்ப்பவர் நினைப்பார்; கால் இடம் மாறாவிட்டால் கம்பு போய்ச் சேராது.

படத்தில் வலம் இடம் குழப்பும். படத்திலுள்ளவர் நம்மைப் பார்த்து நின்றால் அவருடைய வலக்கை தாளின் இடப்பக்கம் இருக்கும். சின்னப் பிள்ளைகள் அதைக் கண்டு இடக்கையைத் தூக்குவார்கள். அந்தப் பக்கத்தை ஒளிநகல் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமிருந்து பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல ஆகிவிடும். அப்படியே பார்த்துச் செய்யலாம். கைப்பேசியில் படமெடுத்து இடவலம் திருப்பினாலும் இதே பலன். முதுகைக் காட்டி நிற்கும் படங்களுக்கு இந்த வேலை இல்லை. படங்களை அப்படிப் போட்டிருக்கும் புத்தகம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள், எழுதியவர் கற்பித்த அனுபவம் உள்ளவர்.

மூன்றாம் வாரம், செய்தித்தாளை இறுக்கச் சுருட்டி நூல் சுற்றி ஒரு முழக் கோல் செய்து கொடுங்கள். கூடத்தில் சுற்றலாம், டியூப்லைட் பிழைக்கும். மணிக்கட்டுச் சுழற்சியைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து, புத்தகப் படத்தோடு வைத்துப் பாருங்கள். என்ன வித்தியாசம் என்று பிள்ளையே சொல்லட்டும். சொல்லத் தெரியாத வித்தியாசத்தைப் பென்சிலால் குறித்துவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வரட்டும். தார்ன்டைக் சொன்ன 'சரி, தவறு' அங்கே கிடைக்கும்.

புத்தகம் வாங்கும்போது ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் ஓர் அசைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இரண்டுக்கும் நடுவில் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் வாங்கலாம். பெயரும் வீரப்பேச்சும் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். எழுதியவர் தமக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்கிறார், நமக்குச் சொல்லவில்லை. கீழே விழும் முறை, காயம் பட்டால் செய்ய வேண்டியது ஆகியவற்றுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்காத சண்டைப் பயிற்சி நூலைத் தொடவே வேண்டாம். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் யோகா, கராத்தே நூல்கள் எந்நாளும் கிடைக்கும். தமிழ்ச் சிலம்ப நூல்கள் அபூர்வம். ஊருக்குப் போகிறவர்கள் பார்த்தால் எனக்கும் ஒரு பிரதி வாங்கி வாருங்கள், பணம் கொடுத்துவிடுகிறேன்.

வகுப்பில் வந்த பதினொரு அடிகளையும் இந்தச் சதுர எண் முறையில் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஏழு முடிந்திருக்கிறது. நான் எழுதியது புரிகிறதா என்று பார்க்க, சிலம்பமே தெரியாத ஒரு தகப்பனாரிடம் கொடுத்து அவர் பெண்ணுக்கு வாசிக்கச் சொல்கிறேன். எங்கே அந்தப் பெண் தடுமாறுகிறாளோ அந்த வரியைத் திருத்துகிறேன். நான்காவது அடியை மட்டும் ஐந்து முறை எழுதியாகிவிட்டது. இன்னும் அவள் 3-இலிருந்து 1-க்கு வரும்போது முதுகைக் காட்டுகிறாள். அடுத்த ஞாயிறு வருகிற பெற்றோர் இருவர் மூவர் ஆளுக்கொரு அடியை வாசித்துப் பார்க்க முன்வந்தால் வேலை சீக்கிரம் முடியும். சாக்பீஸும் ஒரு பென்சிலும் கொண்டு வாருங்கள். கம்பு என்னிடம் இருக்கிறது.